ஈயமா, மிதவையா

ஏப்ரல் 17, வெள்ளி

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டது. இனிமேல் கோபம் வந்தால் யாரிடமும் கத்தாதீர்கள், எழுதி வையுங்கள் என்றது. ஐஸ் கம்பெனியில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள் நான், எழுத்து வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

முதல் கோபம் இன்றைக்கே வந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிறது, ஆம்பிளைகளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத மூளையில் என்ன உதிக்குமோ அது உதித்திருக்கிறது. காலையில் ஊர்த் தலைவர் நாட்டார் சிங்காரவேலு கோயில் மைக்கில் அறிவித்தார். அம்மன் திருவிழாவில் நடக்கிற பாய்மரப் படகுப் போட்டிக்கு இந்த வருஷம் பந்தயம் கட்டலாமா, கூடாதா என்று ஊர் ஓட்டுப் போட்டு முடிவு செய்யுமாம்.

எங்கள் காழிமேட்டில் போட்டிக்குப் பந்தயம் கட்டினால் ஊர்த் தண்டம் உண்டு. முன்பு ஒரு வருஷம் கூடப்பிறந்தவர்களே துடுப்பால் மண்டையை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், அதற்குப் பிறகு ஊரே கூடிப் போட்ட தடை அது. அரசாங்கச் சட்டமும் கூடாது என்றுதான் சொல்கிறது. நாலு பேர் கையைத் தூக்கிவிட்டால் கூடாதது கூடும் ஆகிவிடுமா? என்ன அநியாயம் இது!

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஜெயித்த படகில் சுக்கான் பிடித்தவன் என் மகன் கதிரவன். எவனெவனோ என் பிள்ளையின் முதுகில் காசு கட்டி விளையாடுவதற்கு நான் அவனைப் பெறவில்லை.

ஏப்ரல் 18, சனி

இதற்குப் பின்னால் ஆள் இருக்கும் என்று நேற்றே நினைத்தேன். இருக்கிறான். டவுனிலிருந்து தனசேகர் என்று ஒரு கான்ட்ராக்டர். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. மணலில் யாராவது வெள்ளைச் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பார்களா?

பந்தயக் கவுண்டரை அவன் நடத்துவானாம். அதற்குப் பதிலாக நாங்கள் மீன் விற்கிற ஏலத்திடலுக்குக் கூரை போட்டுத் தருவானாம். "வெயில்ல தாய்மாருங்க காயறதப் பாத்தா மனசு கேக்கல" என்று பேசினானே, எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கூரைக்காக மூன்று கலெக்டர்களிடம் மனுக் கொடுத்தவள் நான். நாட்டாரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்தவள் நான். அப்போதெல்லாம் யார் கண்ணிலும் படாத எங்கள் தலை, பந்தயம் என்றதும் இவர்கள் கண்ணில் படுகிறது.

கூரை வேண்டாம் என்று எந்தப் பெண் சொல்லுவாள்? அதைத் தெரிந்துதானே அங்கே கை வைக்கிறான்.

ஏப்ரல் 22, புதன்

நெத்திலி காயப் போட்டேன். காக்கை விரட்டியே பொழுது போயிற்று. கதிரவன் நம் ஃபைபர் படகில் புது எஞ்சின் மாட்டியிருக்கிறான். யாரோ சிநேகிதன் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தானாம். இந்தக் காலத்தில் எஞ்சினைத் தூக்கிக் கொடுக்கிற சிநேகிதன் கிடைப்பது பெரிய விஷயம். யார் என்று கேட்டேன். உனக்குத் தெரியாதும்மா என்றான். குழம்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஓட்டு அடுத்த ஞாயிறு. யார் யாருக்கு ஓட்டு என்று இன்றைக்கு வாசித்தார்கள்.

எங்கள் ஊரில் கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் ஊருக்கு முழு வரி கொடுக்கிறான், அவனுக்கு ஒரு ஓட்டு. அவன் பெண்டாட்டிக்குக் கிடையாது. கல்யாணமாகாத பையன்களுக்கும் கிடையாது, அதனால் படகு ஓட்டுகிற கதிரவனுக்கே ஓட்டு இல்லை. புருஷனை இழந்த என்னைப் போன்றவர்கள் அரை வரி. இரண்டு அரை சேர்ந்தால் ஒரு முழு. ஆகவே இரண்டு கைம்பெண்கள் ஒரே கையாகப் பிடித்து ஒரு ஓட்டுப் போட வேண்டும். இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஓட்டு கெட்டது. பாதி மனுஷி நான், என் மீதிப் பாதி இன்னொருத்தியிடம் இருக்கிறது. இதை யோசித்தவனை நேரில் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன்.

என் மீதிப் பாதி யார் தெரியுமா? ராஜகிளி. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்டாட்டி. படகைப் பங்கு பிரித்த நாளிலிருந்து ஆறு வருஷமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் கண்ணுக்கு வெயில் ஆகாது, ஏலத்திடலில் முக்காடு போட்டுக்கொண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் கூரைக்குத்தான் போடுவாள். சந்தேகமே இல்லை.

ஓட்டுப் போடும் முறை இன்னும் அழகு. பந்தயம் வேண்டும் என்றால் வலையில் கட்டுகிற மிதவை, வேண்டாம் என்றால் வலையின் அடியில் கட்டுகிற ஈயக் குண்டு. துணி மூடிய வெண்கல அண்டாவுக்குள் கையை விட்டுப் போட வேண்டும். கடைசியில் அண்டாவில் தண்ணீர் ஊற்றுவார்கள். மிதப்பதை அள்ளி எண்ணுவார்கள், அடியில் கிடப்பதை அப்புறம் எண்ணுவார்கள். கை உள்ளே இருப்பதால் யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாதாம், ரகசியமாம். ஈயம் விழுந்தால் அண்டா ணங்கென்று சத்தம் போடும், மிதவை விழுந்தால் சத்தமே வராது. நாட்டார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இதில் என்ன ரகசியம்? அடியில் கொஞ்சம் மணலைப் போடுங்கள் என்றேன். அம்மன் அண்டாவில் மணல் போடக் கூடாது, வழக்கம் அப்படி என்று வாயை அடைத்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ரகசியம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 30, வியாழன்

தெருத் தெருவாகப் போனேன். ஒரு வீடு விடவில்லை. ஆம்பிளைகளை நிறுத்தி வைத்துக் கேட்டேன். தடைக்கால நிவாரணப் பணம் வந்து விழுகிற நேரமாகப் பார்த்துக் கவுண்டர் திறக்கிறானே, அது உங்களுக்கு உறைக்கவில்லையா என்றேன். உறைக்கிறது என்றார்கள். ஈயம்தான் போடுவோம் என்றார்கள். என்னோடு மீன் விற்கிற லோகாம்பாள் தன் புருஷனை என் எதிரிலேயே சத்தியம் செய்ய வைத்தாள். மனசுக்குத் தெம்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் கதிரவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நீ ஏன் இதில் தலையிடுகிறாய் என்கிறான். உன் நல்லதுக்குத்தான்டா என்றேன். திருவிழாவுக்கு வேதாரண்யம் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு வாயேன், உனக்கும் ஓய்வாக இருக்கும் என்றான். இரண்டு வருஷமும் அவன் ஜெயித்து வந்தபோது ஆரத்தி எடுத்தது நான். இந்த வருஷம் நான் எதற்கு வேதாரண்யம் போக வேண்டும்? என் உடம்பைப் பற்றித்தான் கவலைப்படுகிறான், பாவம்.

மே 3, ஞாயிறு

தோற்றோம்.

முறையாகச் சொல்கிறேன். கோயில் வாசலில் அண்டா, பக்கத்தில் நாட்டார், அவருக்குப் பின்னால் அந்த வெள்ளைச் செருப்பு. ஒவ்வொரு தலைக்கட்டாக வந்தார்கள். முதல் ஆள் ஈயம் போட்டான், ணங்கென்றது. நாட்டார் நிமிர்ந்து அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அவனுக்குப் பின்னால் வந்தவன் கை உள்ளே போனது, வெளியே வந்தது, சத்தமே இல்லை. அடுத்தவனும் அப்படியே. சத்தியம் செய்த லோகாம்பாள் புருஷன் என் பக்கமே திரும்பாமல் போட்டுவிட்டுப் போனான். சத்தம் இல்லை. ஊரே சத்தம் இல்லாமல் ஓட்டுப் போட்டது. சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறார்கள்!

எங்கள் முறை வந்தது. நான் கையில் ஈயத்தோடு நின்றேன். ராஜகிளி முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு வந்தாள். மிதவையோடுதான் வருகிறாள், இங்கேயே அவளோடு சண்டை போட்டாவது ஓட்டைக் கெடுத்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கையை விரித்தாள். ஈயக் குண்டு.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் கை என் கையைத் தொட்டது. இரண்டு பேரும் ஒரே குண்டைச் சேர்த்துப் பிடித்துப் போட்டோம். நல்ல சத்தம் வந்தது.

தண்ணீர் ஊற்றியபோது அண்டா முழுக்க மிதவைதான் மிதந்தது. அடியில் கிடந்த ஈயத்தை எண்ணுவதற்கு நாட்டார் குனியக்கூட இல்லை.

மே 4, திங்கள்

ராஜகிளி எதற்காக ஈயம் போட்டாள் என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏலத்திடலில் அவள் பக்கத்தில் போய்க் கூடையை இறக்கினேன். கேட்டேன். கூரை வேண்டாமா உனக்கு என்றேன்.

"கூரைக்கு ஆசைப்பட்டு நம்ம வூட்டுப் புள்ளய வித்துடச் சொல்றியா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவள் சொன்னதைத்தான் எழுதக் கை வரவில்லை. ஐஸ் ரூமுக்குப் பின்னால் அவள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தபோது கதிரவனும் தனசேகரும் பேசினார்களாம். ஊர் முழுக்கக் கதிரவன் படகு மேல்தான் கட்டும். கதிரவன் தோற்றால் கட்டின காசு எல்லாம் கவுண்டருக்கே. திரும்புகிற இடத்தில், கடலில் நட்டிருக்கிற கொடிக்குப் பக்கத்தில், பாயைக் கொஞ்சம் தளர விட்டால் போதுமாம். எஞ்சின் அதற்குத்தானாம். பந்தயம் இல்லை என்று ஊர் சொல்லிவிட்டால் அவனுக்குத் தோற்க வேண்டிய வேலையே இருக்காது, அதனால்தான் ஈயம் போட்டேன் என்றாள்.

வாயை மூடு என்றேன். ஆறு வருஷ ஆத்திரத்தை என் பிள்ளை மேல் தீர்த்துக்கொள்கிறாயா என்று கேட்டேன். அரைக் கூடை மீனை விற்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

பொய். வயிற்றெரிச்சல் பிடித்த பொய்.

மே 9, சனி

வீட்டைக் கழுவினேன். அரிசி புடைத்தேன். மாவு அரைத்தேன்.

சாயங்காலம் பசங்கள் படகை எடுத்துப் பயிற்சி செய்தார்கள். கரையில் நின்று பார்த்தேன். போகும்போது அம்பு மாதிரி போனார்கள். கொடியைச் சுற்றித் திரும்பும்போது பாய் தொய்ந்து படபடத்தது. மறுபடி சுற்றினார்கள், மறுபடி அதே இடத்தில் தொய்ந்தது. காற்று சரியில்லை போலிருக்கிறது.

கரையில் நின்ற எனக்குக் காற்று நன்றாகத்தான் அடித்தது.

சாப்பாடு போடும்போது, இந்த வருஷமும் ஜெயித்துவிடுவாய்தானே என்று கேட்டேன். "வெளையாட்டுன்னா ஜெயிக்கறதும் தோக்கறதும் இருக்கும்மா" என்றான். என் பிள்ளை வாயிலிருந்து இதுவரை வராத பேச்சு. எஞ்சின் யாருடையது என்று மறுபடி கேட்டேன். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான்.

மே 15, வெள்ளி

காப்புக் கட்டியாயிற்று. கடற்கரையில் பந்தல் போட்டுக் கவுண்டர் திறந்துவிட்டான். பெரிய கரும்பலகையில் பதினோரு படகின் பெயரும் எழுதியிருக்கிறது. முதல் பெயருக்குக் கீழே 'சுக்கான்: கதிரவன்' என்று வேறு. அவன் ஒருவன் பெயருக்கு முன்னால்தான் கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது.

லோகாம்பாள் கழுத்து வெறுமையாக இருந்தது, மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. என்னடி இது என்றேன். சங்கிலியை வைத்து இரண்டு பேரும் கட்டியிருக்கிறோம் அக்கா என்றாள். சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள்.

"ஒங்க புள்ள இருக்கறப்ப எங்களுக்கு என்னக்கா பயம்? அந்த நம்பிக்கையிலதான் கட்டுனோம்."

எனக்குத் தலை சுற்றியது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். ராஜகிளி கஞ்சி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனாள். சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டேன்.

ராஜகிளி பொய் சொல்லவில்லை. அவள் சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும்.

மே 17, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், நாளைக்கு ஆளுக்கொரு மாதிரி சொல்லுவார்கள்.

காலையில் படகுகள் எல்லாம் கடலுக்குள் போய்க் கயிற்றுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றன. கதிரவன் என்னிடம் திருநீறு வாங்காமலே போய்விட்டான். கவுண்டரில் கடைசிக் கூட்டம். நாட்டார் மைக்கில் வரவேற்புப் பேசிக்கொண்டிருந்தார். நேராகப் போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"கதிரவனப் பெத்தவ பேசறேன். எம் புள்ள இன்னைக்குத் தோக்கப் போறான். தோக்கறதுக்கு வெல பேசியாச்சு. அவன் மேல கட்டுனவங்க போயித் திருப்பி வாங்கிக்குங்க."

என் குரல் ஸ்பீக்கர் குழாய் வழியாகக் கடல் மேல் போய்த் திரும்பி வந்தது எனக்கே கேட்டது. படகில் நின்றவர்கள் எல்லாரும் கரைப் பக்கம் திரும்பினார்கள்.

அப்புறம் கவுண்டர் மேல் பாய்ந்தார்கள் பாருங்கள். காசைத் திருப்பித் தர மாட்டேன் என்றான் தனசேகர். பந்தலைப் பிய்த்துவிடுவோம் என்றார்கள். படகை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தான். நான் என்ன நினைத்தேன்? பெற்றவளே வந்து சொல்லிவிட்டாள், இனி வீட்டுக்குப் போவார்கள், இந்தச் சனியனே வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தேன். ஒருவன் நகரவில்லை. மொத்தக் கூட்டமும் இரண்டாவதாக வரக்கூடிய வடக்குத் தெருப் படகின் மேல் மாற்றிக் கட்டியது. லோகாம்பாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எங்க குலசாமி அக்கா நீங்க என்று சொல்லிவிட்டு ஓடிப் போய்க் கட்டினாள். நான் திருட்டைச் சொன்னேன். இவர்கள் அதைத் துப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கொடி அசைப்பதற்கு முன்னால் தனசேகரின் ஆள் ஒருவன் சின்னப் படகில் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய் ஒவ்வொரு படகுக்கும் கொடுத்தான். கதிரவன் படகிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றான்.

போட்டி தொடங்கியது. கொடியைச் சுற்றித் திரும்பும் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பாய் தொய்யவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. என் பிள்ளை சுக்கான் மேல் உடம்பைச் சாய்த்து ஓட்டிக்கொண்டு வருகிறான். வடக்குத் தெருப் படகு எங்கேயோ பின்னால் கிடக்கிறது. நான் வாய்விட்டு அழுதேன். ஜெயித்துவிட்டான்.

கரையில் ஒருவரும் கை தட்டவில்லை.

ஊர் கட்டின காசு எல்லாம் தனசேகருக்குப் போயிற்று. முதல் கல் யார் எறிந்தது என்று தெரியவில்லை, என் கணுக்காலில் பட்டது. ஆயியும் மவனும் சேர்ந்து நாடகம் ஆடிட்டாங்க என்று ஒருத்தி கத்தினாள். திரும்பிப் பார்த்தேன். லோகாம்பாள்.

மே 18, திங்கள்

தனசேகர் நேற்றுச் சாயங்காலமே பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டான். கூரை பற்றிக் கேட்டதற்கு மழைக்காலம் முடியட்டும் என்றானாம். நாட்டார் அதற்கும் தலையாட்டினார்.

எனக்கு ஊர்த் தண்டம் போட்டிருக்கிறார்கள். பொய் சொல்லி ஊரை ஏமாற்றியதற்காகவாம். ஓட்டுப் போட்டுச் சட்டப்படி நடந்த பந்தயத்தைக் கெடுத்தேனாம்! சட்டப்படியாம்! நான் சொன்னது பொய் என்றால் யாரோடு சேர்ந்து நாடகம் ஆடினேன், நான் சொன்னது உண்மை என்றால் எதற்குத் தண்டம் என்று கேட்டேன். அரை வரிக்காரிக்கு அரைத் தண்டமா, முழுத் தண்டமா என்று கேட்டேன். முழுசுதான் என்றார்கள். இதற்கு மட்டும் நான் முழு மனுஷி.

ஏலத்திடலில் என் கூடைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. ராஜகிளி தன் மீனை எடுத்து என் மீனோடு கொட்டிக் கலந்துவிட்டு, யார் கூடையில் யார் மீன் இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதற்கப்புறம் நாலு பேர் வாங்கினார்கள்.

கதிரவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

மே 19, செவ்வாய்

மத்தியானம் வந்தான். நெற்றியில் காயம், வடக்குத் தெருப் பசங்கள் அடித்திருக்கிறார்கள். மஞ்சள் அரைத்துப் போட்டேன். சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டான். அப்புறம் அவனே ஆரம்பித்தான்.

"மைக்குல ஒன் கொரலு கேட்டுச்சும்மா. ஒடம்பே கூசிப்போச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், பாயத் தளர விடக் கூடாதுன்னு. அதான் ஜெயிச்சேன்."

இதைக் கேட்கத்தானே நான் ஊர் முன்னால் என் பிள்ளை மானத்தை ஏலம் போட்டேன். நெஞ்சு குளிர வேண்டும். குளிரவில்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"தண்ணி பாட்டில் கொண்டாந்தவன் ஒங்கிட்ட என்ன சொன்னான்?"

அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"ஜெயிச்சுடுன்னு சொன்னான். ஆனா அவன் வர்றதுக்கு முன்னாடியே நான் முடிவு பண்ணிட்டேம்மா. நீ மைக்க வெச்சப்பவே. சத்தியமா."

என்னை நிமிர்ந்து பார்த்தான். சின்ன வயசில் பொய் சொன்னாலும் உண்மை சொன்னாலும் இந்தக் கண்ணில் எனக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு எவ்வளவு நேரம் பார்த்தும் தெரியவில்லை.

நம்புறேன்டா என்று சொன்னேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். வாசலில் ராஜகிளி பெரியம்மா கூப்பிட்டதற்கும் நிற்கவில்லை.

அவன் நேர்மையாகத்தான் ஜெயித்திருப்பான். மைக்கில் என் குரல் கேட்ட பிறகு என் பிள்ளையால் வேறு எப்படி ஓட்டியிருக்க முடியும்? ஆனால் இதை நான் எழுதித்தான் பார்க்க முடிகிறது, நெஞ்சில் நிற்க மாட்டேன் என்கிறது. ஊர் அவனை நம்பாததற்கு ஊரைத் திட்டலாம், நாட்டாரைத் திட்டலாம், அந்த வெள்ளைச் செருப்புக்காரனைத் திட்டலாம். பெற்றவளே நம்பவில்லையே, இதை நான் எந்த மைக்கில் போய்க் கத்துவது?